விஜயதசமியன்று எரர் வரக்கூடாது

“உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் ஊறுகா போட்டு ஜாடியில வெச்சிட்டாங்களா உங்க வீட்ல?”

பதினோராம் வகுப்பில் இயற்பியல் வாத்தியார் பொற்கொடியைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அதற்கு முன்பு அவர் கேட்டது மின்தடை பற்றிய வேறொரு கேள்வி. அதற்கு அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் ஐம்பத்திரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பதில் தொண்டையைத் தாண்டி வர மறுத்துவிட்டது. வகுப்பு முழுதும் சிரித்தது. வாத்தியாரும் தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொண்டு இரண்டாவது முறை சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். ஏன் என்று பள்ளியிலிருந்து யாரும் கேட்கவில்லை. ஊறுகாய் ஜாடியைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள், பெண்ணைக் காணோம் என்பதைக் கவனிக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. வடக்குத்து மெயின் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் இருந்த சுடரொளி கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனியில் வேலை செய்தாள். கம்பெனி என்றால் மூன்று மேசை, இரண்டு மின்விசிறி, ஒரு லேப்டாப். முதலாளி சின்னதுரை முன்பு நிலக்கரி மைன்ஸ் வேலைக்கு ஆள் அனுப்பும் கன்ட்ராக்டராக இருந்தவர். மச்சான் ஒருவர் “இனிமே எல்லாம் எலக்ட்ரானிக்ஸ்தான்” என்று சொன்னதை நம்பி இந்தத் தொழிலில் இறங்கினார். ஸ்விட்சைப் போட்டால் லைட் எரியும் என்பது வரைக்கும் அவருக்கு இந்தத் துறையில் நல்ல பிடிமானம் உண்டு.

மீதிப் பிடிமானத்துக்குச் செங்குட்டுவன் இருந்தான். பி.இ. படித்தவன். அப்பா மைன்ஸில் பெர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். தினமும் பத்தரை மணிக்குப் பைக்கில் வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டி, “ம், என்ன பிரச்சினை?” என்பான். பிரச்சினையே அவன்தான் என்பது பொற்கொடிக்கு வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே தெரிந்துபோயிற்று. சொல்லத்தான் அவளால் முடியாது.

அவளோடு வேலை செய்த இன்னொருத்தி ஷமா. சால்டரிங் வைப்பாள். பேசுவாள். சால்டரிங் வைக்கும்போதும் பேசுவாள். பொற்கொடி பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அந்த மாடியில் கணக்கு எப்படியோ சமமாக ஓடியது.

பொற்கொடியின் வேலை இதுதான்: மிஷின்களை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டை எடுக்க வேண்டும், பத்து ஊசித் துளை கொண்ட கேபிளைச் செருக வேண்டும், லேப்டாப்பில் என்டர் தட்ட வேண்டும், ‘ஓகே’ என்று வந்தால் போர்டின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குரங்குக்குப் பழக்கினாலும் செய்துவிடும் என்று செங்குட்டுவன் ஒருநாள் சொன்னான். குரங்கு திரையைப் படிக்காது என்பதை அவன் யோசிக்கவில்லை.

திரையில் ஓடியதை அவள் படித்தாள். டிபக்கர் என்று ஒரு புரோகிராம். போர்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதும், இன்னதை அங்கே எழுது என்று சொல்வதும் அதன் வேலை. ஆனால் அது போர்டோடு நேராகப் பேசாது. நடுவே சர்வர் என்று ஒரு தூதன் உண்டு. டிபக்கர் தன் பேச்சைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அந்தச் சர்வரிடம் கொடுக்கும். அது பிரித்துப் பார்த்து, போர்டிடம் போய்க் கேட்டு, பதிலை அதேபோலப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தரும். ஒவ்வொரு பொட்டலமும் டாலர் குறியில் தொடங்கும். # குறி போட்டு, பின்னால் இரண்டு எழுத்தோடு முடியும். அந்த இரண்டு எழுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் கூட்டினால் வரும் சரிபார்ப்பு எண் என்பதை, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டிக் கூட்டிப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள்.

இந்தப் பேச்சுக்கு விதிமுறை எழுதிய இருபது பக்கத் தாள் ஒன்று பிரின்டருக்கு அடியில் கிடந்தது. மேல் பக்கம் முழுதும் டீ கிளாஸின் வட்டங்கள். நான்காம் பக்கத்தில் போண்டா எண்ணெய். அந்தக் கம்பெனியில் அதை அதிகம் பயன்படுத்தியது போண்டாதான். பொற்கொடி அதை எழுத்துக்கூட்டி ஐந்து மாதத்தில் படித்து முடித்தாள். அவளுக்குப் பிடித்த இடம் ஒன்று அதில் இருந்தது. சொன்ன வேலையைச் செய்துவிட்டால் OK என்று சொல்ல வேண்டும். செய்ய முடியாவிட்டால் E போட்டு ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். கேள்வியே புரியாவிட்டால் வெறும் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பலாம், அதில் தப்பில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒரு இயந்திரம் கூச்சமில்லாமல் சொல்லலாம் என்று யாரோ எங்கோ உட்கார்ந்து சட்டமே எழுதியிருக்கிறார்கள். வாத்தியார்களுக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தால் தேவலை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நடுவில் நிற்கும் அந்தச் சர்வரைத் தானே எழுதியதாகச் செங்குட்டுவன் சொல்லிக்கொள்வான். உண்மையில் இன்டர்நெட்டில் கிடைத்ததை இறக்கி, தலைப்பில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். பெயர் எழுதிய வரியில் மட்டும்தான் தப்பு இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஆறு போர்டுகள் வந்தன. ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் சாம்பல் கல் கம்பெனியிலிருந்து வந்தவை. நிலக்கரிச் சாம்பலில் கல் அறுக்கும் கம்பெனி. சாம்பலைத் தூக்கிக்கொண்டு போக ஆறு பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு போர்டு. ஒவ்வொரு பெல்ட்டின் ஓரமாகவும் ஒரு கயிறு. அவசரம் என்றால் கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும். இதுவரை சரி. கயிற்றை விட்டால் பெல்ட் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். இதுதான் தப்பு.

அதனால் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு வழக்கம். உருளையில் சாம்பல் அடைத்துக்கொண்டால் கயிற்றை இழுத்து, பழைய சேலைத் துணியால் தூணோடு கட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவார்கள். ஆடி மாதம் இரண்டாம் பெல்ட்டில் பாப்பா என்பவள் கட்டிய துணி நழுவிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதன் பிறகுதான் கம்பெனிக்கு ஞானம் வந்து போர்டுகளைக் கழற்றி அனுப்பியிருந்தது. ஒவ்வொரு போர்டிலும் ஒரே ஓரிடத்தில் 00 இருந்ததை 01 ஆக மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் கயிற்றை விட்டாலும் பெல்ட் ஓடாது. யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும்.

நாலாம் பெல்ட்டில் சாம்பல் தள்ளுகிறவள் மாணிக்கம்மாள், பொற்கொடியின் அம்மா.

ஆயுத பூஜையன்று சின்னதுரை குளித்து, வேட்டி கட்டி, கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார். கைக்குக் கிடைத்ததற்கெல்லாம் பொட்டு வைத்தார். லேப்டாப், பிரின்டர், சால்டரிங் கம்பி, ஸ்டேப்ளர், மின்விசிறி ரெகுலேட்டர். ஷமாவின் டிபன் பாக்ஸ் ஜன்னலில் இருந்தது, அதுவும் தப்பவில்லை.

“அண்ணே, அதுல பிரியாணி இருக்குது. அதுவும் ஆயுதமா?” என்றாள் ஷமா.

“இருக்கட்டும் புள்ள. சோறு போடறது எல்லாம் ஆயுதந்தான்” என்று சொல்லிவிட்டு, கேபிளை எடுத்தார். முனையில் இருந்த பத்து ஊசித் துளையின் நடுவே கட்டைவிரலால் ஈரச் சந்தனத்தை அழுத்தி அப்பினார். அதன் மேல் குங்குமம். பிறகு பயபக்தியோடு கேபிளைச் சுருட்டிச் சாமி படத்தின் காலடியில் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலையைத் தொட்டுத் தொடங்குகிற நாள். சின்னதுரை கற்பூரத் தட்டோடு நிற்க, செங்குட்டுவன் கைகட்டி நிற்க, பொற்கொடி ஒன்றாம் நம்பர் போர்டில் கேபிளைச் செருகி என்டர் தட்டினாள்.

திரையில் சிவப்பாக E01 என்று வந்தது.

“இன்னா இது செவப்பா?” என்றார் சின்னதுரை.

“எரர் சார். சின்னதுதான்” என்றான் செங்குட்டுவன்.

“சின்னதோ பெருசோ, விஜயதசமி அதுவுமா மொத போர்டுல எரர்னு வந்தா வருஷம் பூரா இன்னா வரும்? கற்பூரம் எரிஞ்சிகினு இருக்குது, நீ எரர் காட்டிகினு இருக்கிற. நல்ல வார்த்த வர மாதிரி பண்ணுப்பா.”

எந்த ஊர் என்ஜினியராக இருந்தாலும் முதலில் கேபிளைக் கழற்றிப் பார்த்திருப்பான். செங்குட்டுவன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பத்து நிமிடம் தட்டினான். கற்பூரம் அணைவதற்குள், “இப்ப போடும்மா” என்றான்.

அவள் என்டர் தட்டினாள். OK. இரண்டாவது போர்டு, OK. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. சின்னதுரைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஆறு போர்டுக்கும் ஆறு பச்சை ஸ்டிக்கர், அதன் மேல் மறுபடியும் குங்குமம்.

“பாத்தியா? மனசு சுத்தமா இருந்தா மிஷினும் நல்ல வார்த்த சொல்லுது” என்று பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். செங்குட்டுவனும் மதியம் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டான். போர்டுகளைப் பெட்டியில் அடுக்க இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

பொற்கொடிக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு போர்டில் எழுதும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கமே இல்லாமல், கேட்டு வாய் மூடுவதற்குள் ‘ஓகே, ஓகே’ என்று வந்ததுதான் அவளை உறுத்தியது. பெண் பார்க்கப் போன இடத்தில் எதைக் கேட்டாலும் தலையாட்டும் மாப்பிள்ளை மாதிரி.

டிபக்கரில் பொட்டலத்தை நாமே கையால் தட்டி அனுப்பவும் வழி உண்டு. அவள் ஒன்றாம் போர்டை மறுபடி செருகினாள். எழுது என்று சொல்லவில்லை. படித்துச் சொல் என்று கேட்டாள். ‘அந்த இடத்தில் என்ன எண் இருக்கிறது?’ 00 என்று வர வேண்டும், அல்லது 01 என்று.

OK என்று வந்தது.

மறுபடி கேட்டாள். OK. இல்லவே இல்லாத ஓர் இடத்தைக் காட்டி அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். OK. கேபிளைப் போர்டிலிருந்து முழுதாகக் கழற்றி, காற்றில் தொங்கவிட்டுக் கேட்டாள். காற்றும் ஓகே என்றது.

ஷமா எட்டிப் பார்த்தாள். “ஏன்டி சிரிக்கிற? நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லயே.”

பொற்கொடி திரையைக் காட்டினாள். செங்குட்டுவன் எழுதிய இடத்தைத் திறந்தாள். பொட்டலத்தைப் பிரித்து வேலை செய்கிற பகுதி. போர்டு பதில் தராவிட்டால் E01 என்று சொல்லும் வரி அங்கே இருந்தது. அதை எடுத்துவிடவும் அவனுக்குத் தைரியம் இல்லை. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து, என்ன தப்பு வந்தாலும் கடைசியில் OK என்று மாற்றி அனுப்பும்படி செய்திருந்தான். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: ‘தற்காலிகம், அப்புறம் எடுக்க வேண்டும்.’ இரண்டு வருடத்துக்கு முந்தின தேதி போட்ட ‘தற்காலிகம்’ ஏழெட்டு அதற்கு மேலேயே வரிசையாக நின்றுகொண்டிருந்தன. புதிதாக வந்ததற்கு அவை இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது போல இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது சோறு பரிமாற வேண்டும். இவன் வெறும் இலையைக் காட்டிச் சாப்பாடு முடிந்தது என்கிறான்.

அந்த வரிக்கு முன்னால் அவள் இரண்டு சாய்கோடு போட்டாள். சாய்கோடு போட்ட வரியை இயந்திரம் படிக்காது. அவன் செய்வதைப் பார்த்திருக்கிறாள். பிறகு கேபிள் முனையைத் திருப்பிப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. போர்டு கழுவும் ஸ்பிரிட்டையும் ஒரு பழைய பல் விளக்கும் பிரஷ்ஷையும் எடுத்து, ஒவ்வொரு துளையாகத் தேய்த்தாள். குங்குமம் கரைந்து விரலெல்லாம் சிவந்தது.

“அண்ணனுக்குத் தெரிஞ்சா சாமி குத்தம்னு ஆடுவாரு” என்றாள் ஷமா, ஆனால் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்றாம் போர்டைப் படித்தாள். 00. அப்படியென்றால் காலையில் எதுவுமே எழுதப்படவில்லை. 01 என்று எழுதினாள், அந்தச் சின்னத் தயக்கத்தோடு OK வந்தது. படித்தாள்: 01. இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் அப்படியே முடிந்தன. நாலாம் நம்பர் மட்டும் E01. பத்து முறை துடைத்தாள், பத்து முறையும் E01. அமைப்புகளைச் சேமித்து வைக்கிற குட்டிச் சில்லு ஒன்று போர்டின் ஓரத்தில் இருக்கும். அதன் ஒரு கால் கருகியிருந்தது. அது படிக்கவும் விடவில்லை, எழுதவும் விடவில்லை. சில்லில் ஒன்றும் கிடைக்காவிட்டால் போர்டு 00 என்றே வைத்துக்கொள்ளும். அதாவது, கயிற்றை விட்டால் பெல்ட் ஓடும்.

ஷமா பூதக்கண்ணாடியில் பார்த்தாள். “சில்லு போச்சுடி. இது நம்மகிட்ட இல்ல, சென்னையிலேர்ந்து வரணும். ஒரு வாரம் ஆவும்.”

போர்டுகளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் எடுக்க வருகிறார்கள். திங்கட்கிழமை பெல்ட் ஓடும்.

சாயங்காலம் மாணிக்கம்மாள் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது பொற்கொடி சொன்னாள். வீட்டில் அவள் நன்றாகவே பேசுவாள்.

“அம்மா, திங்கக்கெழம நாலாம் பெல்ட்டுக்குப் போவாத.”

“போவாம? ஒக்காந்துகினு ஒன் மூஞ்சியப் பாத்துகினு இருக்கவா?”

“அந்த போர்டு மாறலம்மா. கயித்த வுட்டா ஓடும்.”

“இத்தன நாளா ஓடலியா? நான் ரெண்டு முடிச்சா போட்டுக் கட்டறேன். பாப்பா ஒத்த முடிச்சு போட்டா, போச்சு.”

“முடிச்சயா நம்பற?”

“பின்ன ஒங்க கம்பெனியயா நம்பச் சொல்ற?” மாணிக்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பெல்ட்டு நின்னா எனக்கு வேல இல்லடி. சும்மா எதயாவது சொல்லிகினு திரியாத. ஒங்க என்ஜினியர் ஓகேன்னுட்டான்னா ஓகேதான்.”

வெள்ளிக்கிழமை செங்குட்டுவன் வழக்கத்துக்கு மாறாகப் பத்து மணிக்கே வந்தான். பொற்கொடி நாலாம் போர்டை அவன் முன்னால் வைத்தாள்.

“இது... எழுத மாட்டேங்குதுங்க. சில்லு போயிருக்குது.”

“நேத்து ஓகே வந்துச்சே?”

அவள் திரையைக் காட்டினாள். சிவப்பில் E01. அவன் போர்டைப் பார்க்கவில்லை. தன் வரிக்கு முன்னால் இருந்த இரண்டு சாய்கோட்டைப் பார்த்தான். முகம் குங்கும நிறத்துக்கு வந்தது.

“என் கோட்ல கை வெச்சியா? நீ என்ன படிச்சிருக்க?”

அவள் நாலாம் போர்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.

“லெவன்த் டிஸ்கன்டினியூ. சர்வர் கோடு திருத்துறாங்க மேடம். ஏன் ஷமா, நாளைக்கு நீயும் ராக்கெட் விடப் போறியா?”

“விடலாம் சார். கேபிள்ல சந்தனம் இல்லாம இருந்தா மேல போவும்” என்றாள் ஷமா.

அவன் சாய்கோடுகளை அழித்தான். தட்டினான். நாலாம் போர்டை நோக்கி எழுது என்று பொட்டலம் போயிற்று. OK. “பாரு. ஓகே. எங்க போச்சு உன் எரர்?” என்றான். முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு அழகாகிவிட்டதாக நினைக்கிறவனை என்ன செய்ய முடியும்?

சின்னதுரை வந்ததும் விஷயத்தை அவன் முந்திக்கொண்டு சொன்னான். சின்னதுரை பொற்கொடியிடம், “யம்மாடி, நாளைக்கும் இந்தக் கம்பெனி நடக்கணும் இல்ல? கன்ட்ராக்ட்ல ஒரு மொற தேதி தவறினா அவன் அடுத்த ஆளத் தேடிப் போயிருவான். ஒரு வாரம் போனா நானே அந்தச் சில்ல மாத்திக் குடுத்துடறேன். அதுவரைக்கும் அவங்களுக்குக் கயிறு இருக்குது, துணி இருக்குது, கட்டிக்குவாங்க” என்றார். ஆக, அவருக்கும் தெரியும். விஜயதசமியன்று தெரியாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை தெரிந்தும் ஸ்டிக்கர் ஸ்டிக்கராகவே இருந்தது.

பதினோரு மணிக்கு மருதமுத்து வந்தார். சாம்பல் கல் கம்பெனியின் மெயின்டனன்ஸ் ஆள். காதோரமெல்லாம் சாம்பல் படிந்த மனிதர். மாடி ஏறிவந்த மூச்சோடு, “எல்லாம் ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே சோதனைத் தாளை வாங்கி, ஆறு வரியிலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இந்த ஊரில் தாளைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவனை ஏதோ தகராறுக்கு வந்தவன் போலத்தான் பார்ப்பார்கள்.

“போட்டுக் காட்டறேன் பாருங்க” என்று செங்குட்டுவன் தானே முன்வந்து ஆறு போர்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி எழுதினான். ஆறு OK. மருதமுத்து தலையாட்டி, போர்டுகளைத் தன் ரெக்ஸின் பையில் அடுக்கத் தொடங்கினார்.

ஷமா பொற்கொடியின் விலாவில் முழங்கையால் இடித்தாள். “நான் சொல்ல மாட்டேன். ஒங்கம்மா. நீ சொல்லு.”

பொற்கொடி எழுந்து வந்து, பையிலிருந்து ஒரு போர்டை எடுத்து, செருகி, எழுது என்பதற்குப் பதிலாகப் படி என்று தட்டினாள். 01. அடுத்தது, 01. அடுத்தது, 01. மருதமுத்து அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான்காவதாக நாலாம் நம்பரைச் செருகினாள்.

OK.

“இது இன்னாது?” என்றார் மருதமுத்து.

“ஓகேதான் சார்” என்றான் செங்குட்டுவன்.

“அது தெரியுது. மத்ததுக்கெல்லாம் நம்பர் வருதே. இந்தப் பொண்ணு இன்னாத்தக் கேக்குது அதுகிட்ட?”

பொற்கொடியின் குரல் வந்தது. அவளுக்கே அது யாருடையதோ போலக் கேட்டது. “உள்ள இன்னா நம்பர் இருக்குதுன்னு கேட்டேங்க.”

மருதமுத்து செங்குட்டுவன் பக்கம் திரும்பினார். “ஏம்பா என்ஜினியரு. எங்க வூட்ல போயி கொழம்பு இன்னா வெச்சிருக்கேன்னு கேட்டா, சரிங்கன்னு பதில் வந்தா, அடுப்பே பத்த வெக்கலன்னு எனக்குத் தெரிஞ்சிபூடும். இது இன்னா கத?”

“அது... ப்ரோட்டோகால்ல சில சமயம்...”

“மருதமுத்து, நீ கெளம்பு, நேரமாச்சு. அது சின்னப் பொண்ணு, வெளையாடிகினு இருக்குது” என்று சின்னதுரை குறுக்கே வந்தார்.

“நாலாம் போர்டுல எழுத முடியலங்க” என்றாள் பொற்கொடி. “சில்லு கருகிப் போச்சு. இவரு எரர் வந்தாலும் ஓகேன்னு சொல்ற மாதிரி எழுதி வெச்சிருக்காரு. கேபிளக் கழட்டுனாலும் ஓகேங்கும். பாருங்க.” கழற்றினாள். கேட்டாள். OK. “கயித்த வுட்டா அந்த பெல்ட்டு ஓடுங்க.”

செங்குட்டுவன் சட்டையில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். துடைக்க வேண்டிய பொருள் அந்த அறையில் வேறு நிறைய இருந்தது.

“நீ யாரு பொண்ணு?” என்றார் மருதமுத்து.

“மாணிக்கம்மா பொண்ணுங்க.”

அவர் முகம் மாறியது. பாப்பாவின் கையைத் தன் துண்டால் சுற்றி, டி.வி.எஸ். வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். மறுநாள் உருளைக்கு அடியில் சாம்பலைத் தள்ளிப் பார்த்துத் தேடியவரும் அவர்தான். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்.

“போர்டு இல்லன்னா நாலாம் பெல்ட்ட ஓட்ட மாட்டேன். ஓட்டலன்னா ஒங்கம்மாவுக்கு வேல கெடையாது. தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

“எத்தினி நாள் ஆவும்?”

“ஒரு வாரங்க” என்று இந்த முறை ஷமா சொன்னாள்.

சின்னதுரை பதறிவிட்டார். “அட, ஒரு போர்டுக்குப் போயி... தாள்ல ஆறும் ஓகேன்னு நீயே கையெழுத்துப் போட்டுட்ட மருதமுத்து. இப்ப ஒங்க மேனேஜருக்கு இன்னா சொல்லுவ? உன் பேருதான் கெடும். இன்னும் நல்ல நாள் முடியல, எல்லாத்துக்கும் ஒரு மனசு வேணும்ப்பா.”

மருதமுத்து சோதனைத் தாளைக் கேட்டு வாங்கினார். இந்த முறை படித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதடு அசைய, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான்காம் வரிக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தை அடித்தார். ஒரு கோடு போதவில்லை என்று மேலே இன்னொன்று போட்டார், தாள் கிழிந்தது. நாலாம் போர்டின் மேலிருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து மேசை விளிம்பில் ஒட்டினார். போர்டைச் செங்குட்டுவனின் கீபோர்டு மேல் வைத்தார்.

“மருதமுத்து... நான் சொல்றதக் கேளு. மருதமுத்து!” என்றார் சின்னதுரை.

மருதமுத்து ஐந்து போர்டுகளையும் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். பையைத் தோளில் மாட்டினார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார்.